பிரிந்து வந்த பிறகு பணம் எங்கிருந்து வரும்? கடலூர், புதுச்சேரி எல்லையோரத் தாய்மார்களுக்கான வழிகாட்டி

குழந்தையோடு தாய்வீட்டுக்கு வந்துசேர்ந்த முதல் வாரத்தில் எல்லாரும் கேட்பது, "அரசாங்கத்தில் என்ன உதவித்தொகை கிடைக்கும்?" என்பதைத்தான். கிடைக்கும். ஆனால் தொகை சிறியது, கைக்கு வரத் தாமதமாகும். குழந்தையின் சாப்பாட்டுக்கும் படிப்புக்கும் சட்டப்படி முதலில் பொறுப்பேற்க வேண்டியவர் அதைப் பெற்ற தகப்பன். ஆகவே அரசு உதவிக்கான அலைச்சலும் ஜீவனாம்ச மனுவும் ஒரே சமயத்தில் தொடங்க வேண்டியவை. ஒன்று முடிந்த பிறகு மற்றொன்று என்று இருந்தால் மாதக்கணக்கில் பணம் போகும்.

இரண்டுக்கும் அடிப்படையாக இரண்டு விவரங்கள் காகிதத்தில் இருக்க வேண்டும். எந்தத் தேதியிலிருந்து பிரிந்து வாழ்கிறீர்கள், இப்போது எங்கே குடியிருக்கிறீர்கள். தாசில்தார் அலுவலகமோ நீதிமன்றமோ ரேஷன் அட்டையோ, எங்கே போனாலும் இந்த இரண்டைத்தான் சுற்றிச் சுற்றிக் கேட்பார்கள்.

முதல் வாரம்: சிம், ஆதார், வங்கி

அடி, மிரட்டல் என்று இருந்தால் காகிதம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம். 112 அல்லது மகளிர் உதவி எண் 181-ஐ அழையுங்கள். சகி என்று அழைக்கப்படும் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் குழந்தையோடு சில நாள் இலவசமாகத் தங்கலாம். காகிதங்களைப் பிறகு நகல் எடுத்துக்கொள்ளலாம். நிதானமாகக் கிளம்ப முடிகிறவர்கள் ஆதார், குழந்தையின் பிறப்புச் சான்று, கல்யாணப் பதிவுச் சான்று அல்லது பத்திரிகையும் போட்டோவும், பாஸ்புக், நகை ரசீது, கணவரின் சம்பளச் சீட்டு ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். எடுத்துவர முடியாததைப் போனில் படம்பிடித்து, நம்பிக்கையான ஒருவருக்கு அனுப்பிவையுங்கள்.

அடுத்தது பலரும் அலட்சியப்படுத்தும் விஷயம்: போன் நம்பர். உங்கள் சிம் கணவர் பெயரில் இருந்தால் அதை அவர் எப்போது வேண்டுமானாலும் முடக்கலாம், மாற்று சிம் வாங்கி ஓடிபியையும் பார்க்கலாம். உங்கள் பெயரில் புது சிம் வாங்கி, ஆதார் மையத்துக்கு நேரில் போய் அந்த எண்ணை ஏற்றுங்கள். நம்பர் மாற்ற எந்த ஆவணமும் தேவையில்லை, கைரேகை போதும். இதைச் செய்யாமல் இ-சேவை மையத்துக்குப் போனால் முதல் படியிலேயே நின்றுவிடும். சான்றிதழ் விண்ணப்பத்துக்கு வேண்டிய குடிமக்கள் கணக்கு எண்ணைப் பதியும்போது ஓடிபி பழைய நம்பருக்குத்தான் போகும். அது கணவரின் கையில் இருக்கும்.

வங்கிக் கணக்கிலும் இதே சிக்கல்தான். ஆதார் எண்ணை வைத்து நேரடியாக வரும் அரசுப் பணம், விண்ணப்பத்தில் எந்தக் கணக்கை எழுதினீர்கள் என்று பார்ப்பதில்லை. கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தீர்களோ அங்கே போய்விழும். அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு கணவரின் சட்டைப்பையில் இருந்தால், உங்களுக்கு வந்த பணத்தை அவர்தான் எடுப்பார். உங்கள் ஒருவர் பெயரில் மட்டும் புதுக் கணக்குத் தொடங்குங்கள். குறைந்தபட்ச இருப்பு இல்லாத ஜன்தன் கணக்கு போதும். அஞ்சல் துறையின் வங்கிக் கணக்கைத் தபால்காரரே வீட்டுக்கு வந்து தொடங்கித் தருவார். கணக்குத் தொடங்கினால் மட்டும் போதாது. "அரசு மானியம் இந்தக் கணக்குக்கு வரவேண்டும்" என்று ஆதார் இணைப்புப் படிவம் எழுதிக் கொடுத்து, சில நாள் கழித்து இணைந்துவிட்டதா என்று ஆதார் இணையதளத்திலேயே பாருங்கள்.

கூட்டுக் கணக்கு இருந்தால் கடந்த ஓராண்டு பரிவர்த்தனைப் பட்டியலை உடனே வாங்குங்கள். கணவரின் வருமானத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் பல வீடுகளில் இருக்காது. மகளுக்கு அவர் காப்பாளராக இருந்து செல்வமகள் கணக்கு தொடங்கியிருந்தால் நீங்கள் அதிலிருந்து எடுக்க முடியாது. பாஸ்புக் நகலை மட்டும் பத்திரப்படுத்துங்கள்.

நகையும் கடனும்

நம் பக்கத்தில் ஒரு பெண்ணின் சேமிப்பு பெரும்பாலும் கழுத்திலும் கையிலும்தான் இருக்கும், அல்லது அடகுக் கடையில் இருக்கும். கல்யாணத்தின்போது உங்களுக்குப் போட்டதும் சீராகக் கொடுத்ததும் சீதனம், அது உங்கள் சொத்து. குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-இன் 19(8) பிரிவில் அதைத் திருப்பித் தரும்படி மாஜிஸ்திரேட் உத்தரவிட முடியும். ஆனால் "முப்பது பவுன் போட்டோம்" என்று சொன்னால் நிற்காது. ஆரம் எத்தனை பவுன், வளையல் எத்தனை ஜோடி, யார் போட்டது, எந்தக் கடை ரசீது, கல்யாண ஆல்பத்தில் எந்தப் படத்தில் தெரிகிறது என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். அடகில் இருப்பவற்றுக்குச் சீட்டு எண், கடை அல்லது வங்கிக் கிளை, யார் பெயரில் வைத்தது, மீட்கும் கெடு ஆகியவற்றையும் சேருங்கள். கெடு தாண்டினால் நகை ஏலத்துக்குப் போய்விடும். கணவர் பெயரில் அடகு வைத்திருந்தால், நகை உங்களுடையது, வழக்கு இருக்கிறது என்று வங்கிக் கிளைக்குப் பதிவுத் தபாலில் எழுதிப் போடுங்கள். அது ஏலத்தைத் தடுக்கும் என்று உறுதி சொல்ல முடியாது. பின்னால் நீதிமன்றத்தில் காட்ட ஒரு காகிதம் இருக்கும்.

கடன் விஷயம் கசப்பானது. குழுக் கடனை உங்கள் பெயரில் வாங்கி வண்டிக்கும் வலைக்கும் கணவர் செலவழித்திருந்தாலும் கையெழுத்து உங்களுடையது, பொறுப்பும் உங்களுடையதே. ஓடி ஒளியாதீர்கள். நிறுவனத்துக்குப் போய், பிரிந்து வந்ததை எழுத்தில் சொல்லி, தவணையைக் குறைத்துக் காலத்தை நீட்டித் தரும்படி கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2022 விதிப்படி குறுநிதிக் கடனை வசூலிக்கக் காலை 9 மணிக்கு முன்பும் மாலை 6 மணிக்குப் பின்பும் தொந்தரவு செய்யக் கூடாது. அந்தக் கடன் வீட்டுச் செலவுக்கு வாங்கியது என்றால் மாதத் தவணையை ஜீவனாம்ச மனுவின் செலவுக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

பிரிந்த தேதிக்கு ஒரு காகிதம்

மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்தால், அதைப் பதிந்துகொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது தருவார்கள். அதைக் கேட்டு வாங்காமல் வெளியே வராதீர்கள். காயம் இருந்தால் அரசு மருத்துவமனையில் "விழுந்துவிட்டேன்" என்று சொல்லாமல் நடந்ததைச் சொல்லிப் பதியச் சொல்லுங்கள். போலீஸ் வேண்டாம் என்று நினைப்பவர்கள் மாவட்டச் சமூகநல அலுவலகத்தில் பாதுகாப்பு அலுவலரிடம் மனு கொடுக்கலாம். இவை எதுவுமே முடியாவிட்டாலும் குழந்தையைப் புதுப் பள்ளியில் சேர்த்த தேதியும் ஆதாரில் முகவரி மாற்றிய தேதியும் பின்னாளில் பேசும்.

காவல் நிலையத்திலோ ஊர்ப் பஞ்சாயத்திலோ சமாதானம் பேசும்போது வெள்ளைத் தாளில் கையெழுத்து கேட்பார்கள். இரண்டு வாசகங்களைக் கவனியுங்கள். "இருவரும் மனமொத்துப் பிரிந்து வாழச் சம்மதிக்கிறோம்" என்பது முதலாவது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவில்தான் ஜீவனாம்சம் கேட்கிறோம். அதில், பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்து வாழும் மனைவிக்கு ஜீவனாம்சம் இல்லை என்று ஒரு விதிவிலக்கு இருக்கிறது. நல்லெண்ணத்தில் போட்ட கையெழுத்தை எதிர்த்தரப்பு வக்கீல் அங்கே கொண்டுபோய் நிறுத்துவார். "எனக்கும் குழந்தைக்கும் எதுவும் வேண்டாம்" என்பது இரண்டாவது. குழந்தையின் உரிமையைத் தாய் விட்டுக்கொடுக்க முடியாது, ஆனாலும் அந்தத் தாளை மறுத்து வாதாடவே சில வாய்தா போய்விடும். கணவரின் நடத்தையால் வெளியேற நேர்ந்தது என்ற காரணம் எழுத்தில் இல்லாத எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

ரேஷன் அட்டை: எல்லாவற்றுக்கும் சாவி

மகளிர் உரிமைத் தொகை, முதலமைச்சரின் மருத்துவக் காப்பீடு எல்லாம் குடும்ப அட்டையை வைத்தே நடக்கின்றன. கணவரின் அட்டையில் உங்கள் பெயர் இருக்கும்வரை புது அட்டை கிடைக்காது. பெயர் நீக்க அவருடைய சம்மதமோ விவாகரத்து ஆணையோ வேண்டும் என்று கவுன்ட்டரில் சொல்லக்கூடும். அங்கேயே திரும்பிவிடாதீர்கள். வட்ட வழங்கல் அலுவலருக்கு, பிரிந்து தனியே வாழ்வதைச் சொல்லி, கள விசாரணை நடத்தி என் பெயரையும் குழந்தைகள் பெயரையும் நீக்கித் தாருங்கள் என்று எழுத்து மனு கொடுங்கள். சிஎஸ்ஆர் நகலை இணையுங்கள். மாதத்தின் இரண்டாம் சனிக்கிழமை நடக்கும் ரேஷன் குறைதீர் முகாமிலும், நகராவிட்டால் திங்கட்கிழமை மஞ்சக்குப்பம் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்திலும் கொடுத்து மனு எண் வாங்குங்கள்.

அம்மாவின் அட்டையில் சேர்ந்துவிடுவது சுலபம்தான். ஆனால் உரிமைத் தொகை ஒரு அட்டைக்கு ஒருவருக்கு மட்டும். அம்மாவுக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்தால் உங்களுக்கு வராது. தனி அட்டை வேண்டுமென்றால் தனிச் சமையல் என்பதைக் காட்ட வேண்டும். ஒரே வீட்டில் இருந்தாலும் தனி அடுப்பு, தனிச் சிலிண்டர் இணைப்பு இருக்கிறதா என்று வருகிறவர் பார்ப்பார். மாடியிலோ பின்கட்டிலோ ஒரு அறைக்கு வாடகை ஒப்பந்தம் போட்டுவிட்டால் பேச்சு சுருங்கும்.

உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. 21 வயது நிறைந்த குடும்பத் தலைவி, குடும்ப ஆண்டு வருமானம் இரண்டரை லட்சத்துக்குள், வீட்டு மின்சாரம் ஆண்டுக்கு 3,600 யூனிட்டுக்குள் என்பவை அதற்கு வைத்த முக்கிய நிபந்தனைகள். விண்ணப்பம் ஆண்டு முழுவதும் வாங்கமாட்டார்கள். முகாம் அறிவிக்கும்போது அட்டை கையில் இருக்க வேண்டும் என்பதற்காகவே இவ்வளவு அவசரம்.

கைவிடப்பட்டோர் ஓய்வூதியமும் குழந்தைக்கான 4,000 ரூபாயும்

தெருவில் யாரைக் கேட்டாலும் தாசில்தார் ஆபீசில் கைவிடப்பட்டோர் ஓய்வூதியம் எழுதச் சொல்வார்கள். மாதம் 1,200 ரூபாய். ஆனால் 30 வயது ஆகியிருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் கைவிடப்பட்டிருக்க வேண்டும், இல்லையேல் சட்டப்படி விவாகரத்தோ நீதிமன்றப் பிரிவு ஆணையோ வேண்டும். நேற்று பிரிந்து வந்த 26 வயதுக்காரருக்கு இது இப்போதைக்கு இல்லை. வேலை மெனக்கெட்டு இதன் பின்னால் அலையாதீர்கள். ஐந்து ஆண்டைக் கணக்கிடத் தேதிக்கான ஆதாரத்தை மட்டும் காத்துவையுங்கள்.

பலருக்குத் தெரியாதது ஒன்றிய அரசின் மிஷன் வாத்சல்யா. தாய் விதவையாகவோ விவாகரத்தானவராகவோ கைவிடப்பட்டவராகவோ இருக்கும் குழந்தைக்கு மாதம் 4,000 ரூபாய், 18 வயதுவரை. ஆண்டு வருமான வரம்பு கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000. ஆட்சியரின் கீழ் இயங்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். குழந்தையின் ஆதார், பிறப்புச் சான்று, பள்ளியில் படிக்கும் சான்று, குழந்தை பெயரில் வங்கிக் கணக்கு, வருமானச் சான்று, பிரிந்து வாழ்வதற்கான ஆதாரம் ஆகியவற்றைக் கொண்டுபோங்கள். குழு கூடி ஒப்புதல் தரவேண்டும், நிதியும் வரவேண்டும், ஆகவே காத்திருக்க நேரிடும். குழந்தை தொடர்ந்து பள்ளிக்குப் போகாவிட்டால் உதவியை மறுபரிசீலனை செய்வார்கள்.

இந்த விண்ணப்பம் அதிகம் கவிழ்வது வருமானச் சான்றில். இ-சேவையில் பதியும்போது பழைய பழக்கத்தில் கணவரின் வருமானத்தையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். விஏஓ விசாரிக்க வரும்போது, "நான் தனியாக இருக்கிறேன், என் வருமானம் மட்டும்" என்று சொல்லி, தையல் கூலியோ வீட்டு வேலைச் சம்பளமோ உள்ளதைச் சொல்லுங்கள். "வருமானமே இல்லை" என்றால் எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டுக் கிடப்பில் போடுவார்கள். கணவனால் கைவிடப்பட்டவர் சான்றிதழும் இதே வழியில்தான்: இ-சேவை, விஏஓ, வருவாய் ஆய்வாளர் (ஆர்ஐ), கடைசியில் தாசில்தார். அக்கம்பக்கத்தில் இருவர் சாட்சி சொல்லத் தயாராக இருந்தால் விசாரணை ஒரே நாளில் முடியும். அந்தச் சான்றிதழோடு தையல் பயிற்சிச் சான்றும் இருந்தால் சமூகநலத் துறையின் இலவசத் தையல் இயந்திரத்துக்கும் மனு போடலாம்.

பள்ளி மாற்றத்துக்குப் பழைய பள்ளியின் டிசி வரவில்லை என்று சேர்க்கையை மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டம் 2009, ஐந்தாம் பிரிவில் இது தெளிவாக இருக்கிறது. அரசுத் தொடக்கப் பள்ளியில் காலை உணவும் மதிய உணவும் உண்டு. வேலை தேடும் தாய்க்கு அது மாதச் செலவில் கண்ணுக்குத் தெரியும் மிச்சம்.

ஜீவனாம்சம்: தள்ளிப்போடும் மாதம் எல்லாம் நஷ்டம்

2020 நவம்பரில் ரஜ்னேஷ் எதிர் நேஹா வழக்கில் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்சத்தை மனு போட்ட தேதியிலிருந்து கணக்கிட வேண்டும் என்றது. பிரிந்த தேதியிலிருந்து அல்ல. ஆடி போகட்டும், மாமனார் பேசிப் பார்க்கட்டும் என்று ஆறு மாதம் காத்தால் அந்த ஆறு மாதப் பணம் போனதுதான். பேச்சுவார்த்தை நடக்கட்டும், மனு தனியாக நிற்கட்டும்.

வக்கீலுக்குப் பணமில்லை என்பது தடையே இல்லை. சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987-இன் 12-ஆம் பிரிவில் பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவச வக்கீல் உண்டு. கடலூர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ உங்கள் ஊர் வட்டக் குழுவுக்கோ போங்கள். 15100-க்கும் அழைக்கலாம். அங்கிருந்து வந்த வக்கீல் தனியே ஃபீஸ் கேட்டால் அதே அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள், வேறொருவரை மாற்றித் தருவார்கள்.

எந்த மனு? மேலே சொன்ன சன்ஹிதாவின் 144-ஆம் பிரிவு எல்லா மதத்தாருக்கும் பொருந்தும். முறைப்படி கல்யாணம் நடக்காத உறவில் பிறந்த குழந்தைக்கும் உண்டு. இடைக்கால ஜீவனாம்ச மனுவை எதிர்த்தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள் கூடியவரை முடிக்க வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் நோட்டீஸ் சேர்வதிலேயே மாதங்கள் ஓடும். ஆகவே கணவரின் வீடு, வேலை செய்யும் இடம் இரண்டு முகவரியையும் கொடுங்கள். அடி, பூட்டி வைத்தல், செலவுக்குத் தராமை, நகையைப் பறித்தல் ஆகியவை இருந்தால் குடும்ப வன்முறைச் சட்டத்தில் 12-ஆம் பிரிவு மனு இன்னும் பயன்படும். பணம், தங்குமிடம், நகை, பாதுகாப்பு எல்லாவற்றையும் ஒரே மனுவில் கேட்கலாம். கல்யாணம் போலச் சேர்ந்து வாழ்ந்த உறவும் அதில் அடங்கும். இரண்டு மனுவும் போடலாம், ஆனால் ஒன்றில் உத்தரவான தொகையை மற்றதில் மறைக்கக் கூடாது.

இருவருமே சொத்து, வருமானப் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்ய வேண்டும். உங்கள் செலவுப் பட்டியலை மாதவாரியாக எழுதுங்கள்: வாடகை, அரிசி, பால், கேஸ், பள்ளி வேன், மருந்து, கடன் தவணை. "மாதம் 15,000 வேண்டும்" என்ற மொட்டைக் கோரிக்கையைவிடப் பால் 1,500, வேன் 800 என்று போகும் தாளுக்கு மதிப்பு அதிகம். சம்பளத்தில் கால் பங்கு கட்டாயம் கிடைக்கும் என்பது வாய்ப்பேச்சு, சட்டத்தில் அப்படி நிலையான பங்கு கிடையாது.

கணவர் நெய்வேலி நிறுவனத்திலோ அரசிலோ நிரந்தர வேலையில் இருந்தால் கணக்கு எளிது. குடும்ப வன்முறைச் சட்டத்தின் 20(6) பிரிவில், சம்பளத்திலிருந்து பிடித்து நேரே உங்களுக்கு அனுப்பும்படி முதலாளிக்கே உத்தரவு கேட்கலாம். துறைமுகத்தில் படகு வேலை, சிப்காட்டில் ஒப்பந்தக் கூலி என்றால் "வருமானம் நிலையில்லை" என்பார். உடல்வலு உள்ளவர் உழைத்தாவது மனைவி மக்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொல்லியிருக்கிறது. படகில் பங்கு, வண்டி ஆர்சி, போனில் பணம் வந்த பதிவு, சிங்கப்பூர் வேலை அனுமதி நகல் என்று கிடைத்ததைக் கொடுங்கள்.

எல்லைக்கு இந்தப் பக்கம், அந்தப் பக்கம்

ரெட்டிச்சாவடியில் பிறந்து பாகூரில் வாழ்க்கைப்பட்டவருக்குப் பத்து நிமிட பஸ் தூரம்தான், ஆனால் நிர்வாகம் வேறு. தமிழ்நாட்டின் திட்டங்கள் தமிழ்நாட்டுக் குடும்ப அட்டைக்கு, புதுச்சேரியின் திட்டங்கள் புதுச்சேரிக் குடியிருப்புக்கு. இரண்டிலும் வாங்க முடியாது. கடலூரிலேயே இருப்பது என்று முடிவானால் புதுச்சேரி அட்டையில் பெயர் நீக்கிய சான்றை முதலில் வாங்கி, ஆதார் முகவரியை மாற்றுங்கள். திரும்பப் புதுச்சேரிக்கே வேலைக்குப் போய்த் தங்கும் எண்ணம் இருந்தால் அவசரப்பட்டு நீக்காதீர்கள். கைவிடப்பட்ட பெண்களுக்கான உதவி அங்கும் உண்டு, மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையில் விசாரிக்க வேண்டும்.

நீதிமன்றத்துக்கு இந்த எல்லை பெரிய தடை அல்ல. 144-ஆம் பிரிவு மனுவையும் குடும்ப வன்முறை மனுவையும் நீங்கள் இப்போது குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். கணவர் புதுச்சேரி நீதிமன்றத்தில் விவாகரத்து மனு போட்டு நோட்டீஸ் வந்தால் வாங்காமல் திருப்பி அனுப்பாதீர்கள், நீங்கள் இல்லாமலே தீர்ப்பாகிவிடும். இரண்டு ஊரும் சென்னை உயர் நீதிமன்றத்தின் கீழ் வருவதால் வழக்கைக் கடலூருக்கு மாற்ற அங்கேயே மனு செய்யலாம், டெல்லிக்குப் போக வேண்டியதில்லை. இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆம் பிரிவில் அந்த விவாகரத்து வழக்கிலேயே இடைக்காலச் செலவும் வழக்குச் செலவும் கேட்கலாம்.

உத்தரவு வந்தும் பணம் வராவிட்டால்

உத்தரவிலேயே உங்கள் வங்கிக் கணக்கு எண்ணையும் மாதத்தில் எத்தனையாம் தேதிக்குள் என்பதையும் எழுதச் சொல்லுங்கள். மச்சினர் கையில் கொடுத்தனுப்பும் ரொக்கத்தை வாங்க நேர்ந்தால் தேதியும் தொகையும் எழுதி, "இந்த மாதத்துக்கு" என்று குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் 3,000 கொடுத்ததை 10,000 என்று சொல்லும்போது மறுக்க ஆதாரம் இருக்காது.

தவறிய மாதங்களுக்கு நிறைவேற்று மனு போட்டால் நீதிமன்றம் வாரண்ட் பிறப்பிக்கும். அப்படியும் கட்டாவிட்டால் தவறிய ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை சிறை உண்டு. சிறை போனதால் பாக்கி தீர்ந்துவிடாது. பணம் கொடுக்க வேண்டிய நாளிலிருந்து ஓராண்டுக்குள் இந்த மனு போட வேண்டும் என்பதுதான் முக்கியம். "மொத்தமாகச் சேரட்டும்" என்று இரண்டு ஆண்டு விட்டுவைத்தால் முதல் ஆண்டுப் பாக்கியை 144-ஆம் பிரிவு வாரண்டில் பிடிக்க முடியாது. மூன்று நான்கு மாதம் தவறியதுமே வக்கீலிடம் வங்கிப் பரிவர்த்தனைப் பட்டியலைக் கொடுத்து மனு போடச் சொல்லுங்கள்.